லே-ல இறங்குன அன்னிக்கே ஆல்ச்சி போகச் சொல்றவங்களுக்கு

திருச்சி_நாடோடி:
பக்கத்து இழைல வேகநடை ஒரு லடாக் பிளான் போட்டிருக்காரு, படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் தனியா எழுதுறேன். லாங் வீக்கெண்ட்ல மடாலயம் பாக்கப் போறவங்களுக்காம். ராத்திரி சென்னைல கிளம்பி, டெல்லி ஏர்போர்ட்ல தூங்காம உக்காந்திருந்து, விடியக்காலை ஃப்ளைட்ல லடாக்கோட முக்கிய ஊரான லே இறங்கி, பைய ரூம்ல போட்டுட்டு அப்படியே டாக்ஸி ஏறி லிகிர், ஆல்ச்சி, லாமாயுரு மூணு மடாலயமும் முடிக்கணுமாம். மறுநாள் ஷே, திக்சே, ஹெமிஸ். இதுக்கு அவர் சொல்ற காரணம் "ஆல்ச்சி லேவை விட கீழ இருக்கு, உயரத்துக்கு உடம்பு பழக முதல் நாள் ரெஸ்ட்ங்கறதெல்லாம் ஹோட்டல்காரன் கட்டிவிட்ட கதை". குடும்பத்தோட, வயசான அப்பா அம்மாவ கூட்டிட்டுப் போறவங்க இத நம்பிப் போனா யார் பொறுப்பு? சும்மா வாய்க்கு வந்தத எழுதாதீங்க.

வேகநடை:
வாங்க நாடோடி, எதிர்பார்த்தேன். நான் எது எழுதினாலும் உங்களுக்கு வயிறு எரியும்னு இங்க எல்லாருக்கும் தெரியும். ஒரே கேள்வி. லே 3,500 மீட்டர். ஆல்ச்சி 3,100 மீட்டர். எது கீழ? பதில் சொல்லிட்டு மத்தத பேசுங்க.

திருச்சி_நாடோடி:
ஆல்ச்சி கீழதான், யாரு இல்லைன்னா? நான் கேக்கறது வேற. அன்னிக்கு ராத்திரி எங்க படுக்கச் சொல்றீங்க? உங்க பிளான்ல அது எங்கயும் இல்ல. மறுநாள் காலைல திக்சேன்னா லே-லதான படுக்கணும்? அப்ப பகல்ல ஒரு மணி நேரம் ஆல்ச்சில நின்னதுக்கு என்ன பலன்? அப்புறம் லிகிர் லேவை விட மேல இருக்கு, லாமாயுரு 3,510, லே அளவுதான். மூணுல ஒண்ணு கீழ இருக்குன்னு அத மட்டும் பிடிச்சுக்கிட்டா எப்படி? ஆல்ச்சி வழில இருக்கற நிம்மு போற ரோடே ஸ்பிதுக் தாண்டி மேட்டு நிலத்துல ஏறித்தான் இறங்குது.

ஊட்டிக்காரன்:
நான் பொறந்து வளந்ததே ஊட்டி. எங்களுக்கெல்லாம் லே ஒரு விஷயமே இல்ல பாஸ். இறங்குன அன்னிக்கு சாயந்திரமே சாந்தி ஸ்தூபா படி 500க்கு மேல ஏறுனேன், ஒரு தலைவலி இல்ல. சென்னைல ஏசில உக்காந்திருக்கவங்களுக்குத்தான் இந்த பயமெல்லாம்.

மதுரை_டாக்டரம்மா:
ஊட்டிக்காரன் தம்பி, ஊட்டி 2,240 மீட்டர்தான். லே அதுக்கு மேல இன்னும் 1,200 மீட்டருக்கு மேல ஏறணும். உங்களுக்கு ஒண்ணும் ஆகலங்கறது சந்தோஷம், ஆனா அது அடுத்தவருக்கு உத்தரவாதம் இல்ல. உயரத்துல ஆக்ஸிஜன் கம்மியாகறதால வர்ற மலைநோய், போய் இறங்கின உடனே வராது, பெரும்பாலும் 6 மணி நேரத்துல இருந்து 12 மணி நேரம் கழிச்சுதான் தலைவலி, குமட்டல், தூக்கமின்மைன்னு ஆரம்பிக்கும். அதனாலதான் காலைல எல்லாரும் "எனக்கு நல்லாத்தான இருக்கு"ன்னு டாக்ஸி ஏறிடறாங்க, ராத்திரி ரூம்ல வாந்தி. லே-ல காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கறதுல மூணுல ரெண்டு பங்குதான். சமவெளில இருந்து ஒரே தாவல்ல அங்க போய் இறங்குற உடம்புக்கு கொஞ்சம் அவகாசம் குடுக்கணும். உடம்புக்கட்டு, வயசு, ஜிம் போறது எதுவும் இதுக்குக் காவல் இல்ல.

வேகநடை:
டாக்டர் மேடம் நீங்க லே-க்கு சொல்றீங்க. நான் ஆல்ச்சிக்கு சொல்றேன். ஆல்ச்சி கீழ. உயரம் ஏறுனாதான் நோய் வரும், இறங்குனா எப்படி வரும்? இது அஞ்சாம் கிளாஸ் பாடம்.

திருச்சி_நாடோடி:
திரும்பத் திரும்ப ஆல்ச்சி கீழ ஆல்ச்சி கீழன்னா ஆச்சா. ராத்திரி எங்க படுத்தீங்க? அத சொல்லுங்க. ராணுவத்துல சேந்து எல்லா டெஸ்ட்டும் பாஸ் பண்ண பசங்களுக்கே 9,000 அடில இருந்து 12,000 அடி வரைக்குமான முதல் கட்டம் 6 நாள், அதுல முதல் 2 நாள் ஓய்வு. லே 11,500 அடி. அவங்களுக்கும் ஹோட்டல்காரன்தான் கதை கட்டிவிட்டானா? லே நிர்வாகமே 48 மணி நேரம் பழகச் சொல்லுது. எங்க சொந்தக்காரர் ஒருத்தர் இதே மாதிரி ஒரு பிளானக் கேட்டுப் போய் மறுநாள் ஆக்ஸிஜன் வச்சுப் படுத்திருந்தாரு, திக்சேயும் பாக்கல ஹெமிஸும் பாக்கல, டிக்கெட்ட மாத்தி ஊரு வந்து சேந்தாரு. அவர் பையன் ஃபோன்ல அழுதது எனக்குத்தான் தெரியும்.

லென்ஸ்பாண்டி:
இந்த சண்டைய விடுங்கப்பா. ஆல்ச்சில உள்ள போட்டோ எடுக்க விடறாங்களா இல்லையா, அத யாராச்சும் சொல்லுங்க. போனப்ப ஒரு லாமா என் கேமராவ பாத்ததுமே கையக் காட்டி தடுத்துட்டாரு. ஃப்ளாஷ் இல்லாம எடுத்தா ஓவியத்துக்கு என்ன ஆகும்?

திருச்சி_நாடோடி:
விடமாட்டாங்க பாண்டி, விடவும் கூடாது. ஆல்ச்சில இருக்கற அந்த மூணு தளக் கோயில், சும்ட்செக், உள்ள நின்னு பாத்தீங்களா இல்ல கேமரா போச்சேன்னு வெளியவே நின்னுட்டீங்களா? கதவு குனிஞ்சுதான் போகணும், உள்ள இருட்டு, கண்ணு பழகறதுக்கே கொஞ்ச நேரம் ஆகும். அப்புறம் மூணு பக்கமும் மாடம், ஒவ்வொண்ணுலயும் மேல் தளத்த முட்டிக்கிட்டு ஒரு மண் சிலை, அவலோகிதேஸ்வரர், மைத்ரேயர், மஞ்சுஸ்ரீன்னு மூணு போதிசத்துவர்கள். தலை மேல் மாடிக்குள்ள போயிடும், கீழ நின்னா இடுப்பும் காலும்தான் முன்னாடி தெரியும். அந்த இடுப்பு வேட்டியப் பாக்கணும். மைத்ரேயர் வேட்டில புத்தர் வாழ்க்கைய வட்டம் வட்டமா வரைஞ்சிருக்கான், அவலோகிதேஸ்வரர் வேட்டில கோயிலும் அரண்மனையும், மஞ்சுஸ்ரீ வேட்டில சித்தர்கள். காஷ்மீர்ல இருந்து வந்த கைகள் வரைஞ்சது. காஷ்மீர்ல அந்தக் காலத்து பௌத்த சுவரோவியம் ஒண்ணு கூட மிச்சமில்ல, அதப் பாக்கணும்னா இங்கதான் வரணும். இத தலைவலியோட, டிரைவர் ஹாரன் அடிக்க பத்து நிமிஷத்துல பாத்துட்டு ஓடறதுக்குப் பேரு பயணமா? எனக்கு கோவம் வர்றதே இதுக்குத்தான்.

வேகநடை:
ஆஹா, பாடம் ஆரம்பிச்சாச்சு. நீங்க ஆல்ச்சி பத்தி எவ்ளோ உருகினாலும் சரி, அது லேவை விட கீழதான். 400 மீட்டர் கீழ. அதுக்கு இன்னும் பதில் வரல.

ஸ்பிட்டி_செல்வி:
லடாக் லடாக்னு எதுக்கு இப்படி அடிச்சுக்கறீங்க. ஹிமாச்சல்ல இருக்கற ஸ்பிட்டி போங்க. சிம்லா, ரெக்காங் பியோ, நாக்கோன்னு ரோட்டுல போனா உடம்பு கொஞ்சம் கொஞ்சமா பழகிடும், இந்தப் பஞ்சாயத்தே வேணாம். தாபோ மடாலயம் 996ல கட்டினது, இன்னிக்கும் பூஜை நடக்குது. உங்க ஆல்ச்சி அதுக்கப்புறம் வந்ததுதான். ஆல்ச்சில தங்கி இருக்கற லாமாக்கள் கூட்டம்னு ஒண்ணு கூட கிடையாது, லிகிர்ல இருந்து லாமா வந்து பாத்துக்கறாரு.

லென்ஸ்பாண்டி:
ரெண்டையும் கட்டினது ரின்சென் சாங்போங்கற லாமா ஒருத்தர்தான, அப்ப என்ன முன்ன பின்ன?

திருச்சி_நாடோடி:
அது வழிவழியா சொல்ற கதை பாண்டி. ஆல்ச்சி கல்வெட்டுல, அதாவது சுவர்ல எழுதியிருக்கறதுல, கட்டினவர் பேரு கல்தென் ஷெராப்னு இருக்கு. தாபோவ கட்டினது யேஷே-ஓ, மேற்கு திபெத் குகே அரச வம்சம், 46 வருஷம் கழிச்சு அதே வம்சத்து ஜங்சுப்-ஓ புதுப்பிச்சாரு. செல்வி, தாபோ பழசுதான், நான் மறுக்கல. ஆனா சும்ட்செக் மாதிரி ஒரு மரவேலையும் வண்ணமும் தாபோல இல்ல.

ஸ்பிட்டி_செல்வி:
"மறுக்கல ஆனா"ன்னு இழுக்கறதுதான் உங்க பழக்கம். போன வருஷம் கீ மடாலயம் பத்தி நான் எழுதினப்பவும் இப்படித்தான் வந்து குத்திட்டுப் போனீங்க. தாபோ மண் சிலைங்கள, அந்த சுவத்துல இருந்து காத்துல மிதக்கற மாதிரி உக்காந்திருக்கற 32 தெய்வங்கள, ஒரு தடவ நேர்ல பாத்துட்டு வந்து பேசுங்க.

ஊட்டிக்காரன்:
டாக்ஸி ரேட் யாராச்சும் சொல்லுங்க சாமி. யூனியன் ரேட்டுன்னு ஒண்ணு வச்சிருக்காங்க, வெளிய இருந்து வாடகை வண்டி எடுத்துட்டுப் போனா உள்ளூர்ல சுத்த விடமாட்டேங்கறாங்க. கொள்ளை.

மதுரை_டாக்டரம்மா:
அவங்களுக்கு வருஷத்துல சில மாசம்தான் தொழில், குளிர்காலம் பூரா வண்டி நிக்கும். அத கொள்ளைன்னு சொல்லாதீங்க தம்பி. அப்புறம் இங்க ரெண்டு பேர் தனியா மெசேஜ்ல மலைநோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை பத்தி கேட்டிருந்தீங்க. உங்க டாக்டர்கிட்ட கேக்காம போடாதீங்க, சல்ஃபா அலர்ஜி இருந்தா கண்டிப்பா சொல்லணும். மாத்திரை போட்டாச்சுன்னு முதல் நாளே சுத்தலாம்னும் அர்த்தம் இல்ல.

வேகநடை:
மேடம் எனக்கு மாத்திரையே தேவைப்படல. ஏன்னா ஆல்ச்சி கீழ. மூணாம் நாள் கர்துங் லா கணவாய் போனேன், 18,380 அடி, உலகத்துலயே உயரமான ரோடு, அங்க அரை மணி நேரம் நின்னு டீ குடிச்சேன். அப்படியே திஸ்கித் மடாலயம் போய் அந்த பெரிய மைத்ரேயர் சிலைய பாத்துட்டு வந்தேன். இப்ப சொல்லுங்க யாருக்கு அனுபவம் இருக்குன்னு.

திருச்சி_நாடோடி:
அந்த 18,380 அடியே தப்பு! அளந்து பாத்தவங்க எல்லாரும் 5,359 மீட்டர்னுதான் சொல்றாங்க, 17,600 அடிய ஒட்டி வரும். உலகத்துலயே உயரமான ரோடும் அது இல்ல, உம்லிங் லா கணவாய் ரோடு அதவிட உயரம். மீட்டர் கணக்கு சொல்லி என்ன மடக்கறவருக்கு இது தெரியல. அதவிட, இறங்கின மூணாம் நாளே 5,300 மீட்டர்ல அரை மணி நேரம் நின்னேன்னு பெருமையா எழுதறீங்களே, இத ஒரு காலேஜ் பையன் படிச்சுட்டு அப்படியே செய்ய மாட்டானா? அங்க நிக்காம சட்டுன்னு கடந்து போங்கன்னுதான் எல்லா டிரைவரும் சொல்லுவான். திக்சேல காலைல ஆறு மணிக்கு மாடில ரெண்டு சின்ன லாமா நீளக் கொம்பு ஊதி பூஜைக்கு கூப்பிடுவாங்க, உள்ள போய் ஒரு ஓரமா உக்காந்தா பொடிப்பசங்க கெட்டில தூக்கிட்டு ஓடி ஓடி வெண்ணெய் டீ ஊத்துவாங்க. அத உக்காந்து பாக்க உடம்புல தெம்பு வேணும், அதுக்குத்தான் முதல் நாள் படுங்கன்னு கத்தறேன். பதில் இன்னும் வரல, ராத்திரி எங்க படுத்தீங்க?

வேகநடை:
கர்துங் லால போர்டுல எழுதியிருக்கு சார். என் போட்டோல தெளிவா தெரியுது, 18,380. போர்ட நான் வச்சேனா?

லென்ஸ்பாண்டி:
எனக்கும் அதே போர்டு போட்டோ இருக்கு. 18,380தான்.

திருச்சி_நாடோடி:
போர்டுல இருந்தா மலை வளந்துடுமா?

ஊட்டிக்காரன்:
தொட்டபெட்டா போர்டுல 2,637ன்னு இருக்கு, அதையும் தப்புன்னு சொல்லிடுங்க நாடோடி அண்ணே, கையோட முடிச்சிடலாம்.

திருச்சி_நாடோடி:
தொட்டபெட்டா போர்டு சரி, அத யாரும் தப்புன்னு சொல்லல. கர்துங் லா போர்டு தப்பு. நாளைக்கு ஆபீஸ் முடிஞ்சு வந்து ஒவ்வொரு மடாலயமும் எத்தன மீட்டர்னு வரிசையா எழுதறேன், லிகிர்ல இருந்து ஆரம்பிப்போம்.

வேகநடை:
ஆல்ச்சில இருந்து ஆரம்பிங்க.

ஸ்பிட்டி_செல்வி:
தாபோ 3,280. அதையும் சேத்துக்கோங்க, விட்டுடாதீங்க.