‘நுணுகொலி’: ஆழத்து நாணயத்தின் மெலிந்த ஓசைக்கு ஒரு சொல்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

மெட்டல் டிடெக்டரைக் கொண்டு நாணயம் தேடும்போது, மிக ஆழத்தில் கிடக்கும் காசிலிருந்து வரும் மெலிந்த ஓசைக்கு இதுவரை ‘கிசுகிசுப்பு’, ‘மந்த ஒலி’, ‘நலிகுறிகை’ (நலிந்த சிக்னல்) என்னும் மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. மூன்றையும் ஆராய்ந்தபின் ‘நுணுகொலி’ என்பதை முன்மொழிகிறேன். காரணத்தைக் கூறுமுன் அந்த ஓசையின் இயல்பை விவரிக்க வேண்டும். நம்மில் பலர் அதைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

இங்கிலாந்தில் இக்கருவியைப் பழகத் தொடங்கிய காலத்தில், ஏறத்தாழ 31 மி.மீ. விட்டமுள்ள பழைய வெண்கலப் பென்னிக் காசுகள் நான்கை, வீட்டுத் தோட்டத்தில் 10, 15, 20, 25 செ.மீ. ஆழங்களில் படுக்கைவாட்டில் புதைத்து வைத்து, பல மாலைகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவற்றின்மேல் கருவியின் சுருளை (தரையை ஒட்டி நகர்த்தும் வட்டமான உணர்பகுதியை) வீசி வீசிக் கேட்டேன். முதற்காசு கணீரென்று ஒலித்தது. உலோகத்தின் வகையைக் காட்டும் எண்ணும் திரையில் அசையாமல் நின்றது. மூன்றாவதில் எண் தடுமாறத் தொடங்கியது. நான்காவதில் எண்ணே தோன்றவில்லை. கருவியின் இடைவிடாத மெல்லிய ரீங்காரம் (அதை ‘அடிச்சுருதி’ எனலாம் என்பது என் கருத்து) ஓரிடத்தில் மட்டும் சற்றே புடைத்துத் தணிந்தது. சுருளைப் புல்லோடு உரசும் அளவுக்குத் தாழ்த்தி, வீச்சை ஒரு சாண் அகலத்துக்குக் குறுக்கி, மெதுவாக நகர்த்தியபோதுதான், அந்தப் புடைப்புக்குள் முதற்காசின் அதே உயர்ந்த சுரம் இருப்பது காதில் பட்டது. இரண்டு தெரு தள்ளிப் போகும் ஐஸ்வண்டியின் மணி எவ்வளவு தேய்ந்து கேட்டாலும் மணியோசையாகவே கேட்பதைப் போன்றது அது.

ஓசை இவ்வளவு தேய்வதற்குக் காரணம் எளியது. சுருள் அனுப்பும் காந்தப்புலம் தொலைவின் மும்மடியில் (தொலைவு இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காக) நலிகிறது. அது காசில் எழுப்பும் சுழல் மின்னோட்டத்தின் மறுபுலமும் திரும்பி வரும் வழியில் அவ்வாறே நலிகிறது. ஆகவே சுருளின் அகலத்தைக் கடந்த ஆழங்களில், ஆழம் இரட்டித்தால் திரும்பக் கிடைப்பது ஏறத்தாழ அறுபத்து நான்கில் ஒரு பங்குதான். குறைவது வலிமை மட்டுமே; காசின் அடையாளத்தைச் சொல்லும் தன்மையோ, மண்ணின் கனிமங்கள் குழப்பாதவரை, பெரும்பாலும் தங்கி நிற்கிறது. நம் சொல் இந்த வேறுபாட்டைத் தாங்க வேண்டும்.

‘கிசுகிசுப்பு’ இதைத் தாங்காது. இதழ்களில் அது வம்புப் பேச்சுக்கு உரியதாகிவிட்டது என்பது சிறிய தடை. கிசுகிசுத்துப் பேசும்போது குரலில் சுரமே இல்லாமல் மூச்சு மட்டும் எஞ்சுகிறது என்பதே பெரிய தடை. நமது ஓசையில் எஞ்சுவதே சுரந்தான். ‘மந்த ஒலி’ என்றால் இசை அறிந்தவர்கள் கீழ் ஸ்தாயி ஒலி என்று கொள்வார்கள். வெள்ளியும் வெண்கலமும் மேற்சுரத்தில் ஒலிப்பவை. ‘நலிகுறிகை’ நல்ல ஆக்கம், மின்னணுவியலில் பொதுவாக வழங்கலாம். எனினும் திரை கைவிட்டபின் தேடுபவருக்குக் காது ஒன்றே துணையாக இருப்பதால், சொல்லில் ‘ஒலி’ இடம்பெறுவது முறை.

‘ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய்தல்’ ஆகிய நான்கும் ‘உள்ளதன் நுணுக்கம்’ என்ற பொருளுடையவை எனத் தொல்காப்பிய உரியியல் கூறுகிறது. இருக்கும் ஒன்று இல்லாமற்போகாமல் நுணுகி நிற்பது என்னும் அந்தக் கருத்தே நமக்கு வேண்டியது. ‘நுண்ணொலி’ என்றால் இயல்பிலேயே சிறிய ஒலியாகிவிடும். ‘நுணுகொலி’யோ வினைத்தொகை, நுணுகிய ஒலி, நுணுகுகின்ற ஒலி, நுணுகும் ஒலி என முக்காலத்துக்கும் விரியும். சுருளைச் சிறிது உயர்த்தினால் அது மேலும் நுணுகி மறைவதைக் கேட்டவர்களுக்கு இந்த விரிவு புரியும். மேலாகக் கிடக்கும் அலுமினியத் தாள்துண்டின் ஓசை குறுகலாக வெட்டுப்பட்டது. ஆழத்துக் காசினதோ இரு ஓரங்களிலும் மழுங்கி, எழுந்து அடங்குவது. பிந்தையதை மட்டுமே நுணுகொலி என்று வரையறுக்கலாம்.

இதன் எதிர்ச்சொல்லையும் இப்போதே வகுத்துவிடுவது நல்லது. துருப்பிடித்த ஆணியின் முனை சில வேளைகளில் காசைப் போலவே உயர்சுரம் எழுப்பும். நின்ற இடத்திலிருந்து கால்வட்டம் சுற்றிவந்து, முந்தைய வீச்சுக்குக் குறுக்காக மீண்டும் வீசிப் பார்த்தால் அது பெரும்பாலும் உடைந்து கரகரக்கும், அல்லது ஒருபுறமாக விலகும். நுணுகொலி இரு திசையிலும் அதே புள்ளியில் திரும்ப வரும். நான் தோண்டிய முதல் ‘நுணுகொலி’களில் பல இத்தகைய ஆணிகளே. இதற்குப் ‘போலியொலி’ போதும். மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. 2010இல் இங்கிலாந்தின் சாமர்செட்டில் ஃப்ரோம் நகருக்கு அருகே, 52,503 உரோமானியக் காசுகள் நிறைந்த பானையைக் காட்டிக்கொடுத்தது மெலிந்த ஓசையென்று சொல்வதைவிட விந்தையான ஓசை என்பதே பொருந்தும். சுமார் 35 செ.மீ. தோண்டியதும் அது புதையல் என உணர்ந்து, அதைக் கண்டவர் தோண்டுவதை நிறுத்தித் தொல்லியலாளரை அழைத்தார். அத்தகையவற்றை ‘ஐய ஒலி’ எனத் தனியே வைக்கலாம்; இதையும் நுணுகொலியையும் ஒரே சொல்லில் அடைத்தால் கற்பவர்கள் குழம்புவார்கள்.

‘நுணுகு’ என்பது பேச்சுவழக்கில் அருகிவிட்டது, ‘சன்னம்’ எல்லோருக்கும் தெரியுமே, ‘சன்ன ஒலி’ என்றால் என்ன என்று கேட்கக்கூடும். பேச்சில் தாராளமாகச் சொல்லலாம், நானும் சொல்கிறேன். கலைச்சொல்லில் காலம் காட்டும் வினை இருப்பது பயன் தரும் என்பதாலேயே ‘நுணுகொலி’யை வலியுறுத்துகிறேன்.

இக்குழுவில் வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தவர்கள் யாரேனும் இருப்பின், அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாங்கள் ஆணி என்று ஒதுக்கிச் செல்லும் ஓசையையும் ஒதுக்காமல், இதே கருவியை முழந்தாளிட்டு நாள்தோறும் கேட்டவர்கள் நீங்கள். ஆழத்திலிருந்து வரும் இந்த ஓசையைக் களத்தில் ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக் குறித்தீர்கள் என்பதை அறியத் தாருங்கள். அங்கே வழங்கிய சொல் ஒன்று இருக்குமாயின், என் முன்மொழிவை விலக்கிக்கொண்டு அதையே பட்டியலில் ஏற்றக் கேட்டுக்கொள்வேன்.