ஏழு சின்ன ட்ரையலைச் சேர்த்தால் ஒரு பெரிய ட்ரையலுக்கு ஈடாகுமா?

பிஜி_இரண்டாம்_வருடம் (கேள்வி)

சமூக மருத்துவத்தில் எம்.டி. படிக்கிறேன். தீசிஸுக்கு மெட்டா அனாலிசிஸ் (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது) பண்ணு என்று கைடு சொல்லிவிட்டார், படிக்க ஆரம்பித்த இடத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஆதாரங்களின் பிரமிட் என்று எல்லா வகுப்பிலும் ஒரு படம் போடுவார்கள் இல்லையா, உச்சியில் மெட்டா அனாலிசிஸ், அதற்குக் கீழேதான் தனி ட்ரையல் (மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வு). மாரடைப்புக்கு மக்னீசியம் கொடுத்த விவகாரத்தைப் படித்த பிறகு அந்தப் படத்தை எப்படி ஏற்றுக்கொள்வது என்று புரியவில்லை.

1991-இல் ஏழு சின்ன ட்ரையல்களைச் சேர்த்து ஒரு அனாலிசிஸ் வந்தது. மக்னீசியம் ஏற்றிய 657 பேரில் 25 பேர் இறந்திருக்கிறார்கள், ஏற்றாத 644 பேரில் 53 பேர். சாவு பாதிக்கும் கீழே போய்விட்டது. அடுத்த வருடம் இங்கிலாந்தின் லெஸ்டரில் நடந்த லிமிட்-2 ட்ரையல், 2,316 பேர், அதிலும் கிட்டத்தட்ட கால்வாசி குறைவு. மலிவு, எளிது, ஆபத்தில்லாதது என்றெல்லாம் எழுதினார்கள். 1995-இல் ஐசிஸ்-4 முடிவு வந்தது, 58,050 பேர். மக்னீசியம் பக்கம் 2,216 சாவு, இன்னொரு பக்கம் 2,103. பலன் எதுவுமே இல்லை.

இதைவிடக் குழப்பம் என்னவென்றால், ஐசிஸ்-4 உட்பட எல்லாவற்றையும் சேர்த்து சாஃப்ட்வேரில் போட்டால் ஃபிக்ஸட் எஃபெக்ட் மாடலில் பலன் இல்லை என்று வருகிறது, ரேண்டம் எஃபெக்ட்ஸ் என்று மாற்றினால் பலன் இருக்கிறது என்கிறது. அதே டேட்டா, அதே நோயாளிகள். எதை எழுதுவது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

எண்கணக்கர்

மருத்துவப் புள்ளியியல்தான் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சாவுகளை மட்டும் எண்ணுங்கள். ஏழு ட்ரையலிலும் சேர்த்து 78. ஐசிஸ்-4-இல் 4,319. எத்தனை ஆய்வு, எத்தனை நோயாளி என்பதைவிட, நாம் பார்க்கும் சம்பவம் எத்தனை தடவை நடந்தது என்பதுதான் தகவலின் அளவு. வெறும் 78 சாவை வைத்துக்கொண்டு பாதியாகக் குறைகிறது என்று சொன்னால், பலன் தராத இரண்டு மூன்று சின்ன ட்ரையல்கள் பிரசுரமாகாமல் யாருடைய மேஜை டிராயரிலோ கிடந்தாலே அந்த முடிவு ஆட்டம் கண்டுவிடும். சின்ன ட்ரையலில்தான் இது அதிகம் நடக்கும். ஐம்பதாயிரம் பேரை வைத்து நடத்திய ட்ரையலை யாரும் ஒளித்து வைக்க முடியாது, நூறு பேரை வைத்து நடத்தியது சுவாரசியமான முடிவு தராவிட்டால் எழுதவே மாட்டார்கள். ஒவ்வொரு ட்ரையலையும் அதன் அளவுக்கும் பலனுக்கும் ஏற்ப ஒரு புள்ளியாக வைக்கும் ஃபன்னல் பிளாட் என்ற படம் இதைக் கண்டுபிடிக்கத்தான். மேலே பெரிய ட்ரையல்கள், கீழே இரண்டு பக்கமும் சமமாகச் சிதறிய சின்ன ட்ரையல்கள் என்று இருக்க வேண்டும். கீழே ஒரு பக்கம் காலியாக இருந்தால் அங்கே இருக்க வேண்டியவை எங்கே போயின என்று கேட்க வேண்டும். (எக்கர் குழு 1997-இல் பிஎம்ஜே இதழில் இதற்கு ஒரு டெஸ்ட்டே கொடுத்தது.)

இப்போது மாடல் விஷயம். ஃபிக்ஸட் எஃபெக்டில் ஒவ்வொரு ட்ரையலின் வெயிட்டும் (கூட்டு முடிவில் அதற்குள்ள பங்கு) அதன் வேரியன்ஸின் (முடிவு எவ்வளவு நிச்சயமில்லாதது என்பதன் அளவு) தலைகீழ். பெரிய ட்ரையலுக்கு வேரியன்ஸ் ரொம்பச் சின்னது, அதனால் ஐசிஸ்-4 கிட்டத்தட்ட முழு முடிவையும் எடுத்துக்கொள்கிறது. ரேண்டம் எஃபெக்ட்ஸில், அதாவது 1986-இல் டெர்சைமோனியனும் லேர்டும் கொடுத்த முறையில், ட்ரையல்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை அளந்து அதை எல்லோருடைய வேரியன்ஸிலும் ஒரே அளவாகக் கூட்டுகிறோம். ஏற்கெனவே பெரிய வேரியன்ஸ் உள்ள சின்ன ட்ரையலுக்கு இது பெரிதாக உறைக்காது, ஆனால் ஐசிஸ்-4-இன் துல்லியம் அத்தனையும் அதில் கரைந்துபோகும். கடைசியில் 58,000 பேரும் சில நூறு பேரும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்பார்கள்.

ட்ரையல்கள் நிஜமாகவே வேறு வேறு நோயாளிகளை, வேறு வேறு சூழலைப் பார்த்ததால் முடிவுகள் மாறின என்றால் இதில் நியாயம் இருக்கிறது. சின்ன ட்ரையல்கள் ஒருதலையாக வடிகட்டப்பட்டு வந்ததால் மாறின என்றால், எது பழுதோ அதற்கே அதிக வெயிட்டைத் தூக்கிக் கொடுக்கிறோம். ஹெட்டிரோஜெனிட்டி (ட்ரையல் முடிவுகளுக்குள் வித்தியாசம்) இருந்தால் ரேண்டம் போடு, அதுதான் பாதுகாப்பு என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். இரண்டையும் போடுங்கள், விலகினால் விலகுகிறது என்று தீசிஸில் பெரிதாக எழுதுங்கள், ஏன் என்று தேடுங்கள்.

அதற்காக மெட்டா அனாலிசிஸே வேண்டாம் என்று போய்விடாதீர்கள். மாரடைப்புக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றுவது பற்றி 1959 முதல் 1988 வரை 33 ட்ரையல் நடந்தது. 1992-இல் லாவும் கூட்டாளிகளும் ஒவ்வொரு ட்ரையலாக வருட வரிசையில் சேர்த்துக்கொண்டே போனார்கள். 1973-இலேயே, எட்டு ட்ரையல், 2,432 பேர் சேர்ந்த இடத்திலேயே உயிர் காக்கிறது என்பது தெளிவாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த 25 ட்ரையல்களில் இன்னும் 34,542 பேர் சேர்க்கப்பட்டார்கள், அந்தப் பதில் மாறவே இல்லை. அவர்களில் கன்ட்ரோல் குழுவில் விழுந்தவர்களுக்கு அந்த மருந்து போகவில்லை. வந்த ஆதாரத்தை யாரும் உட்கார்ந்து கூட்டிப் பார்க்காததற்குக் கொடுத்த விலை அது.

இதயத்துடிப்பு

மேலே சொன்னது சரி, ஒன்றைச் சேர்க்கிறேன். ஐசிஸ்-4 வந்ததும் மக்னீசியத்தை நம்பியவர்கள் சும்மா இருக்கவில்லை. லிமிட்-2-இல் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு முன்பே மக்னீசியம் ஆரம்பித்தார்கள், ஐசிஸ்-4-இல் அந்த மருந்து போன பிறகு, தாமதமாகக் கொடுத்தார்கள், அதனால்தான் பலன் தெரியவில்லை என்றார்கள். கேட்பதற்கு நியாயமான வாதம்தான், விலங்குச் சோதனைகளும் அந்தப் பக்கம் சாய்ந்தன. அதைச் சோதிக்கவே மேஜிக் ட்ரையல் நடந்தது. ஆபத்து அதிகமுள்ள 6,213 நோயாளிகள், ஆறு மணி நேரத்துக்குள் மருந்து. 2002-இல் முடிவு: 30 நாள் சாவு மக்னீசியத்தில் 15.3 சதவீதம், டம்மி மருந்தில் 15.2. அத்தோடு முடிந்தது.

முடிவு வந்த பிறகு குழுவாகப் பிரித்துப் பார்த்தால் எதையும் காப்பாற்றிவிடலாம் என்பதற்கு ஐசிஸ்-2 இருக்கிறது. 17,187 பேர், ஆஸ்பிரின் உயிர் காக்கிறது என்பதில் சந்தேகமே இல்லாத முடிவு. ராசி வாரியாகப் பிரித்தபோது மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு மட்டும் ஆஸ்பிரின் லேசாகக் கெடுதல் செய்வதுபோல வந்தது. படிப்பவர்களை எச்சரிப்பதற்காகவே அந்தக் கணக்கை 1988 கட்டுரையிலேயே போட்டார்கள். மேஜிக் நடத்தியவர்களை நான் மதிப்பது இதனால்தான், நேரம்தான் காரணம் என்று கட்டுரையோடு நின்றுவிடாமல் அதையே ஒரு ட்ரையலாக நடத்திப் பார்த்தார்கள்.

பிஜி_இரண்டாம்_வருடம்

ரொம்ப நன்றி, ரெண்டு பேருக்கும். ஒரு அடிப்படைச் சந்தேகம், கேட்கவே தயக்கமாக இருக்கிறது. இந்த வெயிட் எல்லாம் எதற்கு சார்? எல்லா ட்ரையலிலும் மருந்து எடுத்தவர்களை ஒரு பக்கம், எடுக்காதவர்களை இன்னொரு பக்கம் கூட்டி ஒரே பெரிய ட்ரையலாகப் பார்த்தால் என்ன? என் தலைப்பு கர்ப்பிணிகளின் ரத்தசோகைக்கு இரும்பு ஊசி, இதுவரை கையில் ஆறு ட்ரையல் இருக்கிறது.

எண்கணக்கர்

தயங்கவே வேண்டாம், இந்தத் தப்பைப் பிரசுரமான கட்டுரைகளிலேயே பார்க்கிறேன். ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன், பேனாவோடு பாருங்கள். முதல் ட்ரையல் ஐசியூ நோயாளிகள், மருந்துப் பக்கம் 300 பேரில் 60 சாவு, கன்ட்ரோலில் 100 பேரில் 20. இரண்டு பக்கமும் 20 சதவீதம். இரண்டாவது ட்ரையல் சாதா வார்டு, மருந்துப் பக்கம் 100 பேரில் 5, கன்ட்ரோலில் 300 பேரில் 15. இரண்டு பக்கமும் 5 சதவீதம். இரண்டிலும் மருந்துக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. இப்போது நீங்கள் சொன்னபடி கூட்டுங்கள். மருந்து 400 பேரில் 65, கன்ட்ரோல் 400 பேரில் 35. ஒன்றுமே செய்யாத மருந்து சாவைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கியதாக வந்துவிட்டது.

ரேண்டமைஸ் செய்தது, அதாவது யாருக்கு மருந்து என்று குலுக்கல் முறையில் பிரித்தது, ஒரு ட்ரையலுக்குள்ளே. ஒப்பீடும் அதற்குள்ளேயே நடக்க வேண்டும். அதன் முடிவை எடுத்து மற்ற ட்ரையல்களின் முடிவோடு சேர்க்கலாம், ஆட்களை அல்ல. கொரோனாவில் ஸ்டீராய்டுக்கு உலக சுகாதார நிறுவனத்துக்காக 2020 செப்டம்பரில் வந்த அனாலிசிஸைப் பாருங்கள், ஏழு ட்ரையல், 1,703 பேர், ஸ்டீராய்டு பக்கம் 678, மறுபக்கம் 1,025. ஆள் எண்ணிக்கை இப்படி ஏற்றத்தாழ்வாக இருக்கும்போது கூட்டினால் எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கள். அவர்கள் ஒவ்வொரு ட்ரையலுக்கும் தனித்தனியாக ஆட்ஸ் ரேஷியோ (சாகும் வாய்ப்பை இரண்டு பக்கமும் ஒப்பிடும் விகிதம், 1-க்குக் கீழே என்றால் மருந்துக்குச் சாதகம்) எடுத்துச் சேர்த்தார்கள், 0.66 வந்தது. முடிவுகள் தெரிவதற்கு முன்பே எதைச் சேர்ப்போம், எதை அளப்போம் என்று திட்டம் எழுதி வைத்துவிட்டார்கள் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

பச்சிளம்_வார்டு

குழந்தை மருத்துவர். எங்கள் துறையில் இதன் நல்ல பக்கமும் கஷ்டமான பக்கமும் ஒரே மருந்தில் இருக்கிறது. குறைமாதப் பிரசவம் வரப்போகிறது என்றால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் முதிரும் என்று 1972-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிகின்ஸும் ஹோவியும் காட்டினார்கள். அதன் பிறகு வந்தவை பெரும்பாலும் சின்ன ட்ரையல்கள், தனியாகப் பார்த்தால் பலவற்றில் முடிவு தெளிவில்லை. சேர்த்துப் பார்த்தபோதுதான் தெளிவு வந்தது, இந்த மருந்துக்கான ஏழு ட்ரையல்களின் கோடுகளைத்தான், ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தன் லோகோவில் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் நிபுணர் குழு அழுத்தமாகப் பரிந்துரைக்க 1994 ஆகிவிட்டது. இடைப்பட்ட வருடங்களில் மூச்சுத்திணறி இறந்த குழந்தைகளை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

ஆனால் அந்த ட்ரையல்கள் பெரும்பாலும் வசதியான நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் நடந்தவை. 2015-இல் ஆக்ட் என்ற ட்ரையல் இந்தியா உட்பட ஆறு நாடுகளில் கிராம அளவில் இதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, மொத்தப் பச்சிளம் குழந்தைச் சாவு ஆயிரத்துக்கு 23.9-இலிருந்து 27.4 ஆகக் கூடியது. ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் பெரும்பாலோருக்குக் குறை எடைக் குழந்தை பிறக்கவே இல்லை, கர்ப்ப வாரத்தைச் சரியாகக் கணிக்க வசதியும் இல்லை. அப்புறம் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆஸ்பத்திரிகளில், ஸ்கேனில் வாரம் பார்த்து, பச்சிளம் குழந்தைப் பராமரிப்பு இருக்கும் இடத்தில் 2,852 பெண்களை வைத்து ஆக்‌ஷன் ட்ரையல் நடந்தது. 2020-இல் முடிவு: குழந்தைச் சாவு 23.5-இலிருந்து 19.6 சதவீதம். பலன் தெளிவானதால் முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

தம்பி அல்லது தங்கை, உங்கள் ஆறு ட்ரையலும் எந்த மாதிரி ஆஸ்பத்திரியில் நடந்தவை என்று ஒரு பத்தி போட்டு டேபிளில் வையுங்கள். மருத்துவக் கல்லூரியில் கிடைத்த பலன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்குமா என்பது கூட்டு முடிவைக் காட்டப் படத்தில் போடும் அந்த டைமண்ட் வடிவத்தில் தெரியாது.

மருந்தும்_மறைவும்

பிரசுரமாகாதவை பற்றி எண்கணக்கர் சொன்னதற்கு ஒரு கணக்கு. மன அழுத்த மருந்துகளுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவில் பதிவான 74 ட்ரையலை டர்னர் குழு 2008-இல் தேடிப் பார்த்தது. எஃப்டிஏ பலன் உண்டு என்று சொன்ன 38-இல் 37 பிரசுரமாகிவிட்டது. மீதி 36-இல் 22 வெளிவரவே இல்லை, 11 பலன் இருப்பதுபோலத் திருப்பி எழுதப்பட்டது, 3 மட்டுமே உள்ளது உள்ளபடி வந்தது. பத்திரிகைகளை மட்டும் தேடி மெட்டா அனாலிசிஸ் பண்ணுபவர் கையில் இருப்பது இந்த வடிகட்டிய பகுதி மட்டும்தான்.

உங்களுக்கு: ஆறு ட்ரையலை வைத்து ஃபன்னல் பிளாட் போட்டு ஒன்றும் சொல்ல முடியாது, பத்து ட்ரையலாவது வேண்டும் என்பதுதான் பொதுவான அறிவுரை. அதனால் இந்தியாவின் ட்ரையல் பதிவேடான சிடிஆர்ஐ தளத்தில் உங்கள் தலைப்பில் பதிவாகி, முடிந்த தேதி தாண்டியும் கட்டுரை வராத ட்ரையல்களைத் தேடி எடுத்து, அங்கே இருக்கும் முகவரிக்கு எழுதிக் கேளுங்கள். இந்தியாவில் 2009 ஜூனிலிருந்து பதிவு கட்டாயம், ஆகவே அதற்குப் பிந்தையவை கிடைக்க நல்ல வாய்ப்பு. பதில் வராதவற்றையும் ஒரு டேபிளாகப் போடுங்கள். டேட்டா எடுக்க ஆரம்பிக்கும் முன் புரோட்டோகாலை (ஆய்வுத் திட்டத்தை) ப்ராஸ்பெரோ என்ற பதிவுத் தளத்தில் பதிவு செய்துவிடுங்கள், எந்த மாடல் போடப்போகிறீர்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.