நாக்கில் வெள்ளைத் திட்டு: ஒரே சதைக்கு ரெண்டு ரிப்போர்ட் வந்தவர்கள் இருக்கிறீர்களா?

கோட்டையூரான்:

அப்பச்சிக்கு நாக்கு ஓரத்தில் வெள்ளைத் திட்டு, வழித்தால் போகாத வகை. வெற்றிலை, புகையிலை எல்லாம் உண்டு, நிறுத்தியாச்சு, அதற்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டாம். காரைக்குடியில் பயாப்ஸி எடுத்து, ஃபார்மலின் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மதுரை போய் நானே கொடுத்தேன். மைல்ட் டிஸ்பிளேசியா, அதாவது பின்னால் புற்றாக மாறக்கூடிய செல் கோளாறு லேசாக இருக்கிறது என்று வந்தது. அத்தான் சும்மா இருக்காமல் அதே சிலைடை இன்னொரு இடத்தில் காட்டச் சொன்னார், அங்கே மாடரேட். புதிதாக எதையும் வெட்டவில்லை. அதே கண்ணாடி, அதே சதை.

அன்று ராத்திரி ரெண்டு தாளையும் பட்டாலையில் விரித்து வைத்துச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். அயித்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி விடுங்க, எது கம்மியோ அதையே வச்சுக்கிருவோம்" என்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பச்சி தலையை ஆட்டினார்கள், ஏதோ பங்காளிகளுக்குள் பேசி முடித்த மாதிரி. எனக்கு அந்தத் தலையாட்டல்தான் இன்னும் ஆறவில்லை. புற்று வருமா வராதா என்று அந்தச் சதையை வைத்தே சொல்கிற டெஸ்ட் இருக்கிறதாமே, யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

தேவகோட்டை ஆச்சி:

டெஸ்ட் பற்றி எனக்குத் தெரியாது தம்பி. என் கதை வேறு. வெற்றிலைகூட விசேஷத்துக்கு மட்டும்தான், புகையிலை தொட்டதே இல்லை. நாக்கு ஓரத்தில் திட்டு வந்து ஒரு பல் டாக்டரிடம் போனேன். மருமகள் பக்கத்தில் நிற்கிறாள், அவர், "ஒளிச்சு வச்சுப் போடுவீங்களாம்மா?" என்கிறார். இல்லை என்றேன். திரும்பவும் கேட்டார். பிறகு மருமகளைப் பார்த்து, "வீட்டில் கவனிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாரே, அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. பழக்கம் இல்லை என்றால் பயமும் இல்லை என்று ஒரு களிம்பை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அடுத்துப் பார்த்த அம்மா நேர்மாறாகச் சொன்னார்கள். பழக்கமே இல்லாத பெண்களுக்கு, அதுவும் நாக்கு ஓரத்திலோ அடியிலோ திட்டு வந்தால் கவனம் கூடத்தான் வேண்டுமாம், குறையக் கூடாதாம். அப்புறம்தான் பயாப்ஸி.

லேப்காரன் (புதுவயல், இப்போது மதுரை):

கோட்டையூரான் அண்ணே, ரெண்டு லேபில் ஒன்று ஏமாற்றிவிட்டது என்கிற தொனி உங்கள் எழுத்தில் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். சிலைடு போடுவதுதான் என் வேலை. மேல்தோலின் கனத்தை மூன்றாகப் பிரித்து, செல்களின் கோளாறு கீழ் மூன்றில் ஒரு பங்கோடு நின்றால் மைல்ட், நடுப்பங்குக்கு ஏறினால் மாடரேட், அதற்கும் மேலே போனால் சிவியர், தோராயமாக இதுதான் கணக்கு. அந்த எல்லையில் யாரும் கோடு போட்டு வைத்திருக்கவில்லை. அனுபவம் உள்ளவர்களே ஒரே சிலைடுக்கு வேறு வேறு சொல்வது உலகம் முழுக்க நடக்கிறது, ஏன், அதே ஆள் சில மாதம் கழித்துப் பார்த்தால் மாற்றிச் சொல்வதும் உண்டு. இதனால்தான் மூன்றை விட்டுவிட்டு ஆபத்து குறைவு, ஆபத்து அதிகம் என்று ரெண்டே பிரிவாக வைத்துக்கொள்ளும் முறையும் வந்தது.

நீங்கள் கேட்ட டெஸ்ட். பி53, கேஐ-67 என்கிற புரதங்களைக் காட்டும் சாயம் நாங்களே போடுகிறோம், உட்கரு பழுப்பாகப் பிடித்துக்கொள்ளும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதை வைத்து இந்த ஆளுக்கு வரும், இந்த ஆளுக்கு வராது என்று சொல்லிவிட முடியாது. யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருப்பதில் ஓரளவு தாக்குப்பிடித்தது எல்.ஓ.எச். என்கிற சோதனை. செல்லில் ஒவ்வொரு குரோமோசோமும் ஜோடியாக இருக்கிறது அல்லவா, அதில் ஒன்றின் ஒரு துண்டு தொலைந்துபோயிருக்கிறதா என்று பார்ப்பது, முக்கியமாக 3, 9 ஆகிய குரோமோசோம்களின் குட்டைக் கையில். கனடாவில் வான்கூவர் குழு இதை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்து 2000லும் 2012லும் எழுதியது. அமெரிக்காவில் இந்தச் சோதனையை வைத்தே ஆபத்து அதிகம் உள்ளவர்களைப் பிரித்து, எர்லோடினிப் மாத்திரை கொடுத்தால் புற்று வராமல் தடுக்குமா என்று பார்த்தார்கள், 2016ல் முடிவு வந்தது. மாத்திரை தோற்றது. ஆனால் அந்தக் குறி நின்றது: துண்டு தொலைந்தவர்களில் மூன்று வருஷத்தில் வாய்ப்புற்று இல்லாமல் இருந்தவர்கள் 74 சதவீதம், தொலையாதவர்களில் 87. இந்த ரெண்டு எண்ணையும் நன்றாகப் பாருங்கள், ஏனென்றால் கெட்ட பிரிவிலும் முக்கால்வாசிப் பேருக்கு அந்தக் காலத்துக்குள் வரவில்லை, நல்ல பிரிவிலும் சிலருக்கு வந்தது. நம் பக்கத்து லேபில் இது வழக்கமாகச் செய்யும் சோதனையும் இல்லை.

இன்னொன்று. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வாய்க்குச் செல்லாது. வெட்டிய இடத்தில் மைல்ட், அரை அங்குலம் தள்ளி என்ன இருக்கிறது என்று சிலைடு சொல்லாது. திட்டில் சிவப்பு கலந்திருக்கிறதா, மேடு பள்ளமாக இருக்கிறதா, 200 சதுர மில்லிமீட்டருக்கு மேல் படர்ந்திருக்கிறதா, இதெல்லாம் கண்ணால் பார்க்கிற விஷயம், எந்தச் சாயத்துக்கும் குறைந்ததில்லை. அப்பச்சியின் வாயை மூன்று மாதத்துக்கு ஒருதரம் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். கூர்மையான பல் இருந்தால் தேய்த்துவிடச் சொல்லுங்கள். பொய்ப்பல் செட் இருந்தால் கழற்றிவிட்டுக் காட்டச் சொல்லுங்கள், நிறையப் பேர் அப்படியே காட்டுகிறார்கள். ரெண்டு ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் கொடுங்கள், ஒன்றை ஒளிக்க வேண்டாம்.

பள்ளத்தூர் சுப்பு:

குரோமோசோம் கதையெல்லாம் சரி. எனக்குத் திட்டு இல்லை, வாய் திறக்கவில்லை. பாக்குப் பொட்டலம், காலேஜ் நாளிலிருந்து. அக்கா வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்து வெள்ளைப் பணியாரத்தை வாயில் வைக்கப் போனால் உள்ளே நுழையவில்லை. பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டேன். எதிரே பரிமாறிக்கொண்டிருந்த பெரியவர் பார்த்துவிட்டார், ஒன்றும் கேட்காமல் அடுத்த இலைக்குப் போகும்போது திரும்பி ஒருதரம் பார்த்தார். அதற்கு முன்னாடியே நம் வீட்டு மிளகாய்க் குழம்பு எரிய ஆரம்பித்திருந்தது, செட்டிநாட்டில் பிறந்துவிட்டுத் தயிர் சாதம் கேட்கிறான் என்று வீட்டில் கேலி வேறு.

லேப்காரரே, நீங்கள் எழுதிய அத்தனையிலும் பாக்கை நிறுத்து என்று ஒரு வரி இல்லை. புகையிலை கலக்காத வெறும் பாக்கே புற்றுக்குக் காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்று ஆய்வுக் கிளை 2004லேயே எழுதியாச்சு. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013ல் தடை வந்தும் பாக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. திருவனந்தபுரம் பக்கம் சோதனை எதுவும் இல்லாமல் பயிற்சி கொடுத்த ஆட்கள் வீடுவீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லி வெறும் கண்ணால் பார்த்தே, புகையிலை, குடிப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள், 2005ல் வந்த சேதி. அதை விட்டுவிட்டுச் சாயம், துண்டு என்று பேசினால் எப்படி?

லேப்காரன்:

சுப்பு, அண்ணன் முதல் வரியிலேயே பாடம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார், படித்தீர்களா?

கானாடுகாத்தான் மாப்பிள்ளை:

எனக்குத் திட்டு எதுவும் இல்லை, மாமனாருக்கு இருந்தது, அப்போது நெட்டில் தேடித் தேடிப் படித்தவன். டி.என்.ஏ. அளவை வைத்துச் சொல்லிவிடலாம் என்று நார்வேக்காரர் ஒருவர், ஜான் சுட்பே, பெரிய பத்திரிகையிலேயே எழுதினார். மாமனாருக்கு அதைச் செய்யலாமா என்று நான் பிரிண்ட் எடுத்துக்கொண்டு டாக்டர் முன்னால் நீட்டினேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், பேனாவை எடுத்துத் தலைப்பின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் 2006ல் அந்தக் கட்டுரையைப் பத்திரிகையே திரும்பப் பெற்றிருக்கிறது. அதே ஆள் 2005ல் எழுதிய இன்னொன்றில் 900 சொச்சம் நோயாளிகள், அதில் 250 பேருக்கு ஒரே பிறந்தநாள்! அத்தனையும் கற்பனை. இதற்கு மேல் எந்தக் குறியை நம்புவது?

லேப்காரன்:

அந்த ஆள் பொய் சொன்னது உண்மை. அதற்காக டி.என்.ஏ. அளவே பொய் ஆகாது. லண்டனில் நிஜ நோயாளிகளை வைத்துப் பார்த்து 2013ல் எழுதினார்கள், செல்லில் டி.என்.ஏ. அளவு கோணலாக இருந்தவர்களுக்குப் புற்று அதிகம் வந்தது. சரியாக இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு வரவில்லை. பெரும்பாலோர், எல்லோரும் இல்லை.

பள்ளத்தூர் சுப்பு:

ஆக மொத்தம் தெரியாது.

லேப்காரன்:

தெரியாது இல்லை, ஆள் ஆளாகச் சொல்ல முடியாது. புற்றாக மாறுவது வெள்ளைத் திட்டு என்று எடுத்தால் 100 பேரில் ஒன்பது பத்துப் பேருக்கு, சிவப்புத் திட்டு என்றால் மூன்றில் ஒருவருக்கு, உங்களுக்கு இருக்கிற வாய் இறுக்கத்தில் 100க்கு ஐந்து பேருக்கு, பல ஆய்வுகளைச் சேர்த்து 2020ல் போட்ட கணக்கு இது. கும்பலுக்குச் சொல்லலாம்.

தேவகோட்டை ஆச்சி:

நீங்கள் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டையூரான் தம்பி, மூன்றாவது ஆளிடம் காட்டுவதாக இருந்தால் சிலைடு மட்டும் போதாது. சதையை மெழுகில் பதித்த கட்டி ஒன்று லேபிலேயே இருக்கும், அதைக் கேளுங்கள். என்னிடம் முதலில் ஒரு சிலைடைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். புதுச் சாயம் போட வேண்டும், கட்டியைக் கொண்டுவாருங்கள் என்று அந்த அம்மா திருப்பி அனுப்பினார்கள்.

கோட்டையூரான்:

கேட்டால் கொடுப்பார்களா ஆச்சி? எழுதிக் கொடுக்க வேண்டுமா?

தேவகோட்டை ஆச்சி:

எனக்கு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள், பயாப்ஸி நம்பர் கட்டாயம் போடணும். ஒரிஜினல் பில்லும் கேட்டார்கள். அப்பச்சியையும் கூட்டிப் போங்கள், கையெழுத்து அவருடையது வேண்டும் என்று என்னைத் திருப்பி விட்ட மாதிரி உங்களையும் விடுவார்கள்.