மறுமொழி: ‘வெண்டர் லாக்-இன்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஒருவரிடம் கருவி வாங்கியவர் பிறகு வேறொருவருக்கு எளிதில் மாற முடியாமல் மாட்டிக்கொள்வதை ‘வெண்டர் லாக்-இன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் என்ன என்று ஓர் அக்கா கேட்டதில் தொடங்கிய இந்த இழை நன்றாகவே நீண்டுவிட்டது. விற்பனையாளர் பூட்டு, வழங்குநர் பிணைப்பு, வணிகச் சிறை, கட்டுண்மை என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நால்வரும் அகராதியை வைத்துக்கொண்டு வாதாடுகிறீர்கள். நான் அலைபேசிக் கோபுர வேலையில் இருந்தவன். அதனால் அந்தப் பக்கமிருந்து கொஞ்சம் எழுதுகிறேன். கேள்வி கேட்ட அக்கா மொழிபெயர்ப்பது தொலைத்தொடர்புக் கருவிச் சந்தையைப் பற்றிய கட்டுரை. எரிக்சன், நோக்கியா, ஹுவாவே, சாம்சங், இசட்.டி.இ. ஆகியவை அலைபேசி நிறுவனங்களின் ஆர்டருக்காக முட்டி மோதும் சந்தை அது. அங்கே ஒட்டாத சொல் வேறெங்கும் ஒட்டாது.

> ‘விற்பனையாளர் பூட்டு’ என்றே வைத்துவிடலாமே. எளிது, எல்லோருக்கும் புரியும்.

எளிதுதான். ஆனால் பூட்டு என்றால் பூட்டியவன் ஒருவன் வேண்டும், பூட்டிய நேரம் ஒன்று வேண்டும், சாவி ஒன்றும் வேண்டும். இங்கே மூன்றும் இல்லை. ஒப்பந்தப்புள்ளி திறக்கும் நாளில் அலைபேசி நிறுவனம்தான் ராஜா. நான்கு பேர் வரிசையில் நிற்பார்கள். உள்ளே நுழைந்தால் போதும் என்று விலையை அடிமாட்டு விலைக்கு இறக்குவார்கள். அன்றைக்கு எந்தப் பூட்டும் கிடையாது. அதற்குப் பிறகு நடப்பதுதான் கதை.

கோபுரத்தின் உச்சியில் அலையை அனுப்பி வாங்கும் ரேடியோ, கீழே பெட்டியில் அதற்கான கணக்கு வேலையைச் செய்யும் பேஸ்பேண்ட். இரண்டையும் இணைக்கும் கண்ணாடியிழைக்கு சி.பி.ஆர்.ஐ. என்று பொது வரையறை ஒன்று உண்டு. பெயருக்குத்தான் பொது. நடைமுறையில் ஒவ்வொரு நிறுவனமும் அதைத் தன் போக்கில் செய்து வைத்திருப்பதால், மேலே ஒருவர் ரேடியோ, கீழே இன்னொருவர் பேஸ்பேண்ட் என்று கலந்து வைக்க முடியாது. அடுத்து, மேலாண்மை மென்பொருள் அவர்களுடையது. அதில் பழகிய பொறியாளர்கள், கிடங்கில் கிடக்கும் உதிரிகள், வட்டாரம் வட்டாரமாகச் சீர்செய்து வைத்த அளபுருக்கள் (பாராமீட்டர்கள்) என எல்லாம் அந்த ஒரு பெட்டியைச் சுற்றியே வளர்கின்றன. கூடுதல் கொள்ளளவு வேண்டுமா? பெட்டிக்குள் அது ஏற்கெனவே இருக்கும். உரிமக் குறியீட்டுக்குக் காசு கட்டினால் திறந்துவிடுவார்கள். புது அலைவரிசை ஏலத்தில் எடுத்தீர்களா? இருக்கிற பேஸ்பேண்டோடு சேர்த்தால் மலிவு, புது ஆளிடம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நுழையும்போது விட்ட பணத்தைக் கருவிக்காரர் எடுப்பது இங்கேதான்.

யாரும் பூட்டவில்லை. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. ஆகவே நமக்கு வேண்டியது கருவிக்காரர் செய்த செயலுக்குப் பெயர் அல்ல, அலைபேசி நிறுவனம் போய் விழுந்த நிலைக்குப் பெயர். ‘சிறை’யும் இதனாலேயே அடிபடுகிறது. சிறையென்றால் ஒரே நாளில் தள்ளி அடைப்பது.

> ‘வழங்குநர் பிணைப்பு’ துல்லியமானது. வெண்டர் = வழங்குநர் என்பது நிலைத்துவிட்ட நிகர்.

பேராசிரியர் ஐயாவின் மீது மதிப்பு உண்டு. ஆனாலும் இதை ஏற்க முடியவில்லை. மற்ற துறைகளில் வழங்குநர் என்றால் கருவி தருபவர் எனலாம். தொலைத்தொடர்பில் ‘சேவை வழங்குநர்’ என்றால் ஏர்டெல், ஜியோ, பி.எஸ்.என்.எல். செய்தித்தாளில் வெறுமனே ‘வழங்குநர்’ என்று வந்தாலே அதுதான் பொருள். அப்படியிருக்க, ‘வழங்குநர் பிணைப்பு’ என்று படிப்பவர் என்ன நினைப்பார்? சந்தாதாரரை ஏர்டெல் பிடித்து வைத்திருக்கிறது என்றுதான் நினைப்பார். அந்தப் பிடி இந்தியா முழுக்க 2011 ஜனவரி 20 முதலே தளர்ந்துவிட்டது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றாகிவிட்டதே! சந்தாதாரர் ஒரு குறுஞ்செய்தி அனுப்பித் தொடங்கும் காரியத்தை, அவருக்குச் சேவை தரும் நிறுவனம் தன் கருவிக்காரரிடம் செய்து முடிக்க ஆண்டுக்கணக்காகும். இந்த இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட்டுக் குழப்பக் கூடாது.

‘விற்பனர்’ என்று ஒருவர் சுருக்கியிருந்தார். ஓர் ‘ன்’ கூடினால் அறிஞர் ஆகிவிடுவார். விட்டுவிடுவோம்.

சொல்லில் வெண்டரே வேண்டாம் என்பேன். காரணம் நார்டெல். கனடாவின் பெருமையாக இருந்த தொலைத்தொடர்புக் கருவி நிறுவனம் அது. 2009 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அதன் சி.டி.எம்.ஏ. (பழைய அலைபேசித் தொழில்நுட்பம்), எல்.டி.இ. (4ஜி) பிரிவுகளுக்கு நோக்கியா சீமென்ஸ் முதலில் 65 கோடி டாலர் கேட்டது. ஏலத்தில் எரிக்சன் 113 கோடி டாலர் கொடுத்து எடுத்துக்கொண்டது. செத்த நிறுவனத்தின், அதுவும் அந்தி நேரத்துக்கு வந்துவிட்ட ஒரு தொழில்நுட்பத்தின் மேல் இத்தனை பணமா என்று தோன்றலாம். வாங்கியது வெறும் பெட்டிகளையும் பொறியாளர்களையும் மட்டுமல்ல. வெரைசன், ஸ்பிரின்ட் போன்ற வட அமெரிக்க நிறுவனங்களின் வலையமைப்பில் நார்டெல் கருவி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மென்பொருள் மேம்பாடு வேண்டும், பராமரிப்பு வேண்டும், நாளை எல்.டி.இ.க்குப் போகையில் பேச ஓர் ஆள் வேண்டும். விற்றவன் போய்ச் சேர்ந்த பிறகும் பிடி அப்படியே இருந்தது. அந்தப் பிடியைத்தான் எரிக்சன் விலை கொடுத்து வாங்கியது.

ஆக, பிடிப்பது விற்றவர் அல்ல, நிறுவிய கருவி. எனவே என் பரிந்துரை: கருவித்தளை. தளை என்றால் விலங்கு, கட்டு.

> தமிழில் இதெல்லாம் யாருக்கு வேண்டும்? துறையில் இருப்பவர்கள் ‘லாக்-இன்’ என்றுதானே பேசுகிறார்கள்?

பேசட்டும், நானும் அப்படித்தான் பேசினேன். ஆனால் நோக்கியாவின் வலையமைப்புக் கருவி ஆலை ஒரகடத்தில் ஓடுகிறது. இந்தப் பெட்டிகளைச் செய்து அனுப்புகிறவர்கள் வாசிக்கும் நாளிதழில் இந்தச் சந்தையைப் பற்றித் தமிழில் ஒரு பத்தி எழுத முடியாதா என்பதுதான் அக்காவின் கேள்வி.

யாழ்ப்பாணத்து நண்பரின் ‘கட்டுண்மை’ என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. ‘கட்டற்ற மென்பொருள்’ (ஃப்ரீ சாஃப்ட்வேர்) என்பதை இதே மாதிரிக் குழுக்களில் பேசிப் பேசி நிலைநிறுத்தியிருக்கிறோம். அதற்கு எதிர்ச்சொல்லாகக் கட்டுண்மை கச்சிதமாக உட்காருகிறது. தொகையாக்கும்போதுதான் சிக்கல். ‘கருவிக்கட்டு’ என்றால் தச்சர் தோளில் தொங்கும் பை நினைவுக்கு வருகிறது. ‘கருவிக் கட்டுண்மை’ வாயில் நுழைய மறுக்கிறது. தளையில் அந்தத் தொல்லை இல்லை. கருவியாலான தளை என விரியும், வலி மிகும், கருவித்தளை. வினையும் தானே வரும்: தளைப்படு, தளையறு, தளை இறுகியது, தளை தளர்ந்தது. ‘லாக்டு-இன் ஆபரேட்டர்’ தளைப்பட்ட நிறுவனம். பூட்டில் இத்தனை கிளை பிரியாது.

> தளை என்றால் யாப்பு அல்லவா நினைவுக்கு வரும்? வெண்டளை, ஆசிரியத்தளை…

வரட்டும். நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் பொருந்துவதைத்தான் யாப்பில் தளை என்கிறோம். பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் அது. 4ஜி-யில் ஒரு கோபுரம் அடுத்த கோபுரத்துக்கு அழைப்பைக் கைமாற்ற எக்ஸ்2 என்ற இடைமுகம் உண்டு. அதுவும் பொதுத் தரம்தான். இருந்தும் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் வேறொருவர் என்றால் எல்லையில் நுணுக்கங்கள் இடறும். இதனாலேயே ஒரு வட்டாரம் முழுவதையும் ஒருவருக்கே கொடுப்பது வழக்கம். ‘தளை தட்டுகிறது’ என்று அந்த எல்லைச் சிக்கலைச் சொன்னால் வெண்பா எழுதுகிறவர்கள் என்னை அடிக்க வருவார்கள். அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் பொருட்குழப்பம் வராது என்பது உறுதி. செய்யுளும் செல்கோபுரமும் ஒரே கட்டுரையில் சந்திக்கப் போவதில்லை, இந்த மடலைத் தவிர.

சொல் தாங்குமா என்று சில உண்மை நிகழ்ச்சிகளில் ஏற்றிப் பார்த்தேன்.

ஜியோ 2016 செப்டம்பரில் 4ஜி சேவையைத் தொடங்கியபோது ரேடியோக் கருவி முழுக்க சாம்சங். 5ஜி வந்தபோது, 2022 அக்டோபரில், எரிக்சனையும் நோக்கியாவையும் அறிவித்தது. எப்படி முடிந்தது? 5ஜியை இரண்டு விதமாகப் போடலாம். பழைய 4ஜியின் தோளில் ஏறி நிற்பது ஒன்று, தன் காலில் நிற்பது இன்னொன்று. முதல் வகையில் 5ஜி ரேடியோ 4ஜி கருவியோடு நெருங்கிப் பேச வேண்டும், ஆகவே 4ஜி யாருடையதோ அவருக்கே 5ஜியிலும் கை ஓங்கும். உலகெங்கும் பலர் முதலில் போட்டது இதைத்தான். ஜியோ இரண்டாவதைத் தேர்ந்தது. “தனித்தியங்கும் 5ஜியைத் தேர்ந்த நிறுவனத்துக்குப் பழைய கருவித்தளை தளர்கிறது” என்று எழுதிப் பாருங்கள். இடறாமல் போகிறது.

வெரைசன் 2020 செப்டம்பரில் சாம்சங்குக்கு 664 கோடி டாலர் அளவிலான ஒப்பந்தம் தந்தது. அமெரிக்கச் சந்தையில் அதுவரை ஓரத்தில் நின்ற சாம்சங்குக்கு அது பெரிய கதவு. இடம் இழந்தது நோக்கியா. பணமும் காலமும் கொட்டினால் தளையறுக்க முடியும் என்பதற்கு இதைக் காட்டலாம்.

அமெரிக்க அலைபேசி நிறுவனமான ஏ.டி.அண்ட்.டி.யின் கதையைத்தான் நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறேன். ரேடியோவும் பேஸ்பேண்டும் கலந்து பழக வேண்டும் என்று 2018-இல் ஓ-ரான் (திறந்த ரேடியோ வலையமைப்பு) கூட்டமைப்பைத் தொடங்கிய ஐந்து நிறுவனங்களில் அதுவும் ஒன்று. மற்றவை சைனா மொபைல், டாய்ச்ச டெலிகாம், என்.டி.டி. டொகோமோ, ஆரஞ்சு. தளையறுப்பதே நோக்கம். 2023 டிசம்பரில் ஏ.டி.அண்ட்.டி. அந்தத் திறந்த வலையமைப்புக்கு ஒப்பந்தம் போட்டது: ஐந்து ஆண்டில் 1,400 கோடி டாலர் வரை, எரிக்சனுக்கு. நோக்கியா அங்கேயும் இடம் இழந்தது. புஜிட்சு போன்றோரின் ரேடியோவையும் இணைப்போம், 2026 இறுதிக்குள் 70 விழுக்காடு போக்குவரத்து திறந்த தளத்துக்கு மாறும் என்றெல்லாம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் இருவரிடம் இருந்த வேலையைப் பெரும்பாலும் ஒருவரிடம் குவித்துவிட்டு, இதுதான் திறப்பு என்றால் எனக்குச் சிரிப்பு வருகிறது. இங்கே ‘திறந்த’ என்ற அடைமொழிக்கும் கருவித்தளைக்கும் ஒரே வாக்கியத்தில் வேலை இருக்கிறது. அக்கா, உங்கள் கட்டுரையில் இந்த இடம் வந்தால், திறந்தது என்றாலே தளை இல்லை என்று ஆக்கிவிடாமல் இரண்டையும் தனித்தனிச் சொல்லாகவே எழுதுங்கள்.

தளையின் எடையைத் துல்லியமாகக் காட்டியது அரசுகள்தாம். பாதுகாப்புக் காரணம் காட்டி ஹுவாவே, இசட்.டி.இ. கருவிகளைப் பிடுங்கி மாற்றச் சொல்லி அமெரிக்கா 2020-இல் சட்டம் போட்டது. சிறு ஊரக நிறுவனங்களின் செலவை ஈடுகட்ட முதலில் ஒதுக்கியது 190 கோடி டாலர். கணக்குப் பார்த்தால் 498 கோடி வேண்டியிருந்தது. மீதியை ஒதுக்க 2024 டிசம்பர் ஆயிற்று. பிரிட்டன் 5ஜியிலிருந்து ஹுவாவேயை எடுக்க 2027 இறுதிவரை கெடு கொடுத்திருக்கிறது. இந்தியா பிடுங்கச் சொல்லவில்லை. 2021 ஜூன் 15-க்குப் பிறகு நம்பகமான மூலம் என்று ஒப்புதல் பெற்ற கருவிகளை மட்டுமே புதிதாக இணைக்கலாம் என்று வாசலை மட்டும் இறுக்கியது.

இந்தப் பிடுங்கி மாற்றும் வேலையைத் துறையில் ‘ஸ்வாப்’ என்போம். அதற்குக் ‘கருவி மாற்றீடு’ போதும், புதிதாக எதுவும் வேண்டாம்.

> கருவிக்காரர் எப்போதும் வில்லன், அலைபேசி நிறுவனம் எப்போதும் பலி என்பது போல இந்தச் சொல் ஆகிவிடாதா?

நல்ல கேள்வி. ஆகாது என்றே நினைக்கிறேன். தளை இரு பக்கமும் கட்டும். பிரிட்டனில் மார்க்கோனி என்ற கருவி நிறுவனத்துக்கு மிகப் பெரிய வாடிக்கையாளர் தொலைபேசி நிறுவனமான பி.டி. 2005 ஏப்ரலில் பி.டி. தன் புதிய வலையமைப்புத் திட்டத்துக்குக் கருவிக்காரர்களை அறிவித்தபோது மார்க்கோனியின் பெயர் அதில் இல்லை, ஹுவாவே இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மார்க்கோனியின் பெரும்பகுதியை எரிக்சன் 120 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் ஆகிவிட்டது. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்ததும் ஒரு தளைதான். அதற்கு ‘வாடிக்கைத்தளை’ என்று அடுத்த சொல்லே பிறக்கிறது. ஏர்டெல் 2004-இல் எரிக்சனோடு போட்ட ஒப்பந்தத்தையும் நினைத்துப் பாருங்கள். பெட்டிக்கு விலை கொடுக்காமல், ஓடுகிற பேச்சின் அளவுக்கு, அதை அளக்கும் அலகான ஏர்லாங் கணக்கில், காசு. பயன்படாத கொள்ளளவைத் தலையில் கட்டும் ஆசை கருவிக்காரருக்கு அதனால் போய்விடுகிறது. வலையமைப்பைத் திட்டமிடும் அறிவும் அவர் பக்கம் போய்விடுகிறது. யார் யாரைக் கட்டினார் என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. சொல் அதை முன்கூட்டித் தீர்ப்பெழுதாமல் இருப்பது நல்லது.

மேகக் கணிமை, அலுவலக மென்பொருள் என்று பிற இடங்களுக்கும் சொல் வேண்டும் என்றவருக்கு: முன்னொட்டை மட்டும் மாற்றுங்கள். மென்பொருள் தளை, மேகத்தளை. பொதுவாகச் சொல்ல வேண்டுமானால் ‘தளைப்பாடு’.

எதிர்ப்பு இல்லையென்றால் பட்டியலில் இப்படி ஏற்றலாம்:

கருவித்தளை (பெ.) – நிறுவிய கருவிகளோடு மென்பொருள், உதிரி, பயிற்சி, அண்டைக் கருவிகளின் பொருத்தம் ஆகியவை பின்னிவிடுவதால், வேறொருவரின் கருவிக்கு மாறுவது பெருஞ்செலவாகிவிடும் நிலை. தளைப்படு, தளையறு (வி.).

‘அளபுரு’ என்று மேலே எழுதியிருக்கிறேன். குழுப் பட்டியலில் ‘அளவுரு’ என்று இருப்பதாக நினைவு. எது இப்போது வழக்கில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்.