இன்சிக்னியா: 'சின்னம்' போதாது, 'அணிவில்லை' சரிவருமா?

அன்பு நண்பர்களே,

இரண்டு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்து ஜெர்மன் இளைஞர் இயக்கச் சீருடைகளில் குத்தியும் தைத்தும் இருந்தவற்றைச் சேகரிப்பவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதிவருகிறேன். முதல் பக்கத்திலேயே, சீருடையில் அணியும் அடையாளங்களைக் குறிக்கும் 'இன்சிக்னியா' என்ற ஆங்கிலச் சொல் வழிமறிக்கிறது. அதற்கு ஈடாக முந்தைய மடல்களில் நீங்கள் சொன்ன பதக்கம், இலச்சினை, சின்னம் மூன்றையும் வாக்கியத்தில் போட்டுப் பார்த்துவிட்டேன்.

பதக்கம் வென்று பெறுவது. இவற்றில் பெரும்பாலானவை அமைப்பில் சேர்ந்தாலே கிடைத்தவை. இலச்சினை என்றால் அரசாங்கத் தாளின் தலைப்பில் இருப்பதுதான் நினைவுக்கு வருகிறது. சின்னம்தான் பெரிய சிக்கல். சின்னம் என்பது வடிவம், சேகரிப்பவர் கையில் இருப்பதோ பொருள். இந்த வேறுபாடு ஜெர்மனியில் சட்டத்தையே தொடுகிறது. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு, ஸ்வஸ்திகா போன்ற நாஜிச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவதைத் தடுக்கிறது. கல்வி, ஆய்வு, கலை, வரலாற்று விளக்கம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. 'சின்னம் தடைசெய்யப்பட்டது, சின்னத்தைச் சேகரிக்கலாம்' என்று எழுதினால் படிப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்?

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பொருள் எல்லாமே நாஜிக் கட்சியின் இளைஞர் அமைப்பான ஹிட்லர் இளைஞர் படையுடையது அல்ல. அந்தப் படைக்கு 1926-இல்தான் அந்தப் பெயர் வந்தது. 1901-இல் பெர்லினை அடுத்த ஸ்டெக்லிட்ஸில் தொடங்கிய வாண்டர்ஃபோகல் என்னும் நடைப்பயண இளைஞர் இயக்கம், லில்லி மலர் அணிந்த சாரணர்கள், கிறிஸ்துவின் பெயரெழுத்துகளை அணிந்த கத்தோலிக்க மாணவர்களின் நொய்டாய்ச்லாண்ட், சோசலிசச் சிறுவர்களின் செம்பருந்துகள், யூத இளைஞர்களின் 'நீலம்-வெள்ளை' அமைப்பு என எத்தனையோ இருந்தன. 1933 ஜூன் 17 அன்று ஹிட்லர் இளைஞர் படையின் தலைவர் பால்டூர் ஃபொன் ஷீராக், ரைஷின் (ஜெர்மன் அரசின்) இளைஞர் தலைவரானார். அன்றே பல சுயேச்சைக் குழுக்கள் இணைந்திருந்த பெருஜெர்மன் கூட்டமைப்பைக் கலைத்தார். ஒரு சிறுவன் சட்டையிலிருந்து கழற்றி ஒளித்துவைத்த லில்லியையும், அவனைக் கழற்றவைத்தவர்களின் ஸ்வஸ்திகாவையும் 'நாஜிக் காலச் சின்னங்கள்' என்று ஒரே பெட்டியில் போட எனக்கு மனம் வரவில்லை.

என் பரிந்துரை 'அணிவில்லை'. வில்லைச் சேவகன் என்ற பழைய சொல் நினைவிருக்கிறதா? மார்பின் குறுக்கே டவாலி, அதில் பித்தளை வில்லை. உடையில் அணியும் அதிகாரக் குறி என்ற பொருள் அந்தச் சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது. 'ஒட்டுவில்லை' வழக்கில் இருப்பதால் அதே தடத்தில் ஊசியால் குத்துவதைக் 'குத்துவில்லை' என்றும், துணியில் தைப்பதைத் 'தைவில்லை' என்றும் சொல்லலாம். சின்னம் என்பது அவற்றின் மேலுள்ள வடிவத்துக்கு மட்டும்.

வில்லை என்றால் வட்டம்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். வழக்கு மனுவில் ஒட்டும் நீதிமன்றக் கட்டண வில்லை வட்டமாக இல்லையே.

சொல் தாங்குகிறதா என்று கையேட்டின் ஒரு பத்தியில் பார்த்தேன்:

"ஹிட்லர் இளைஞர் படையின் வட்டாரத் தைவில்லை கறுப்பு முக்கோணத் துணி. அதில் மஞ்சள் எழுத்தில், எடுத்துக்காட்டாக, மேலே 'ஸூட்' (தெற்கு), கீழே வட்டாரப் பெயரான 'ஹோக்லாண்ட்'. இடது மேற்கையில் தைப்பார்கள். வாங்கும்முன் ஓரத்தில் பிரிந்த ஓர் இழையை எரித்துப் பாருங்கள். உருகி மணியாகத் திரண்டால் செயற்கை இழை, பிற்காலப் போலி. புற ஊதா விளக்கில் நூல் நீலவெள்ளையாக ஒளிர்ந்தாலும் சந்தேகப்படுங்கள். ஆனால் பழைய துணியை இக்காலச் சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் அப்படி ஒளிரும். சாய்சதுர எனாமல் குத்துவில்லையானால் திருப்பிப் பாருங்கள்: ஆர்.இசட்.எம். (நாஜிக் கட்சிப் பொருள்களின் உற்பத்தியைக் கட்டுப்படுத்திய அலுவலகம்) முத்திரையும் எம்1 எனத் தொடங்கும் உற்பத்தியாளர் எண்ணும் கூர்மையாகப் பதிந்திருக்க வேண்டும். அச்செடுத்து வார்த்த போலியில் அந்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கும்."

எனக்கு வாய்க்கு இடறவில்லை. சீருடையின் தோளில் வரும் பட்டைக்குத் 'தோள்பட்டை' என்ற நல்ல சொல் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். 'தைவில்லை'யில் மட்டும் ஒரு தயக்கம்: தை மாதம் குறுக்கே வருமோ? 'தையல்வில்லை' மேலா? அப்புறம், 'அணி' குழுவையும் குறிப்பதால் 'அணிவில்லை'யை அணியின் வில்லை என்றும் படிக்க இடமுண்டு. எனக்கு அது பிடித்திருக்கிறது. உங்களுக்கு இடையூறாகத் தோன்றினால் வாக்கியத்தோடு காட்டி எழுதுங்கள்.

அன்புடன்