சர்ஜ் கணிப்பு: வலைக்கண்ணியைச் சிறிதாக்குவதா, நூறு பாதைகளை ஓட்டுவதா?

அலைவாய்:
புயல் தள்ளிவரும் கடல்நீர் எவ்வளவு உயரம் ஏறும், எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பதுதான் சர்ஜ் கணிப்பு. காவிரி டெல்டா கரைக்கு இதில் அடுத்த தேவை, கரையோரம் 50 மீட்டர் கண்ணியுள்ள வலை என்கிறேன். வலை என்பது கணக்கிடுவதற்காகக் கடலையும் கரையையும் கணினியில் துண்டு துண்டாகப் பிரிப்பது; ஒரு துண்டின் அளவுதான் கண்ணி. அட்சர்க் போன்ற கணினி மாடலில் நடுக்கடலில் பெரிய முக்கோணங்களும் கரையில் சின்ன முக்கோணங்களும் வைக்கலாம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் ஓடைகளும் வேதாரண்யம் உப்பள வரப்புகளும் கிலோமீட்டர் அளவுக் கட்டங்களில் காணாமல் போய்விடும். தண்ணீர் ஊருக்குள் வருவதோ அந்த ஓடைகள் வழியாக. பழைய மாடல்கள் சிலவற்றில் கரையே செங்குத்துச் சுவர்தான், நீர் உள்ளே நுழையவே நுழையாது.

வாடைக்காற்று:
ஓடையை எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும், புயல் எங்கே கரையேறும் என்று தெரியாதவரை பயன் குறைவு. நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஏறினால் வேதாரண்யத்தின் கிழக்குக் கரையில் காற்று நிலத்திலிருந்து வீசும், கடல் உள்வாங்கும். கோடியக்கரைக்குத் தெற்கே பாக் நீரிணைக்குள் போனால் அதே கரையில் நீர் ஏறும். இரண்டுக்கும் இடையே 55 கிலோமீட்டர்தான். ஒரு நாள் முன்னதான பாதைக் கணிப்பின் சராசரிப் பிழையே அதைவிட அதிகம். அப்புறம், காற்று நீரைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகக் கணிப்பில் 10 சதவீதம் கூடினால் விசையில் 21 சதவீதம் கூடும். ஸ்லாஷ் போன்ற இலகுவான மாடலை நூற்றுக்கணக்கான பாதைகளுக்கு ஓட்டுங்கள். அமெரிக்காவில் அப்படித்தான் செய்கிறார்கள்.

அலைவாய்:
ஆழத்தை மறக்கிறீர்கள் நண்பரே. நொடிக்கு 40 மீட்டர் காற்று, அது தள்ளும் கடலின் நீளம் 50 கிலோமீட்டர், ஆழம் 10 மீட்டர் என்று எளிய கணக்குப் போட்டால் சுமார் 1.8 மீட்டர் ஏறும். ஆழம் 100 மீட்டர் என்றால் வெறும் 18 சென்டிமீட்டர். பாக் நீரிணையின் ஆழம் 10 மீட்டரைச் சுற்றித்தான். அங்கே திட்டுகளையும் கால்வாய்களையும் மழுப்பிவிட்டு நூறு முறை ஓட்டினால் நூறு முறையும் தவறு வரும்.

வாடைக்காற்று:
அமெரிக்காவின் மிசிசிப்பி கரையைப் பாருங்கள். அங்கே காற்றின் வேகத்தை வைத்துப் புயல்களை ஐந்து வகையாகப் பிரிப்பார்கள். 1969இல் கமில் ஐந்தாம் வகைப் புயல். 2005இல் கத்ரீனா கரையேறும்போது மூன்றாம் வகை. ஆனால் அதிகம் ஏறியது கத்ரீனாவில்தான், 8 மீட்டருக்கு மேல். முக்கியக் காரணம் புயலின் அகலம். காற்றின் வேகத்தை மட்டும் பார்த்து சர்ஜைச் சொல்ல முடியாது என்பதால்தான் 2010இல் அந்த வகைப்பாட்டிலிருந்து சர்ஜ் உயரத்தையே எடுத்துவிட்டார்கள். அகலம் என்பது வெளியிலிருந்து கொடுக்க வேண்டிய தகவல். வலைக்கண்ணி அதைத் தராது.

ஆறுகாட்டுத்துறையான்:
அண்ணன்மாரே, நூறு பாதையையும் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு புயலுக்கும் கரை முழுவதையும் காலி செய்யச் சொல்வீர்கள். இரண்டு தடவை தண்ணீர் வராவிட்டால் மூன்றாவது தடவை எங்கள் ஊரில் யாரும் கிளம்பமாட்டார்கள். படகையும் வலையையும் விட்டுவிட்டு முகாமில் போய் உட்காருவது சின்ன விஷயமில்லை. கிளம்பாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். 1977 நவம்பரில் நாகையைப் புயல் தாக்கிய ஒரே வாரத்தில் ஆந்திராவின் திவிசீமையில் கடல் ஏறி ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். எந்தத் தெரு வரை வரும், எத்தனை மணிக்கு வரும்? அதைச் சொல்லுங்கள்.

வாடைக்காற்று:
மொத்தத்தையும் கூட்டிப் பயமுறுத்தச் சொல்லவில்லை தம்பி. அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையத்தின் வரைபடம், பத்தில் ஒரு வாய்ப்பு உள்ள உயரத்தைக் காட்டுகிறது. அதை வைத்து எந்த ஊரை முதலில் கிளப்புவது என்று முடிவெடுக்கலாம். ஒரே ஒரு பாதையை நம்பி “இந்தத் தெரு வரை” என்று சொல்வதுதான் ஆபத்து. அலைவாய் சாரின் 50 மீட்டர் வலைக்குத் தரை உயரம் எங்கிருந்து வரும்? இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் தரவு மரத்தின் தலையையும் தரையோடு சேர்த்துவிடுகிறது. பிழை சில மீட்டர் போகும். டெல்டாவின் ஓரத்தில் தரையே ஓரிரு மீட்டர்தான்.

அலைவாய்:
அந்தப் பிழை உங்கள் நூறு ஓட்டங்களிலும் இருக்கும், சார். விமானத்திலிருந்து லேசர் வைத்துத் தரையை அளக்க வேண்டும், நீரிணையின் அடியையும் புதிதாக அளக்க வேண்டும். அளந்ததை 50 மீட்டர் வலையில் ஏற்றினால்தான் ஆறுகாட்டுத்துறையார் கேட்கும் தெருவுக்குப் பதில் சொல்ல முடியும். பாதைகளை எத்தனை வேண்டுமானாலும் அதன் மேல் ஓட்டுங்கள்.

வாடைக்காற்று:
தரையை அளப்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் வரும் ஐப்பசிக்குள் அது முடியாது. இலகு மாடலை இந்த வருடமே ஓட்டலாம்.