கணினியோடு இணைத்தால் மட்டும் முனகும் ஸ்பீக்கர்

இரவெழுத்தன்:

பதிவு செய்த பேட்டிகளைக் கேட்டு எழுத்தாக்குவது என் வேலை. பேசுகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார்கள். "போனான்" என்றாரா, "போனாள்" என்றாரா என்று தெளிய ஒரே இடத்தைப் பத்து முறை ஓட்டுவேன். ஹெட்போன் மாட்டி மாட்டிக் காதுமடல் புண்ணாகிவிட்டதால், உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் இருக்கும் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினேன். 5 அங்குல வூஃபர். இரண்டுக்கும் தனித்தனியாக மூன்று முனை பிளக். மேசைக் கணினியின் ஹெட்போன் துளையில் 3.5 மி.மீ. பின்னைச் செருகினால் மறுபக்கம் இரண்டு 6.35 மி.மீ. பின்னாகப் பிரியுமே, அந்தக் கேபிளால் இணைத்திருக்கிறேன்.

இப்போது மூன்று விதமான சத்தம். ஒன்று, "ம்ம்ம்" என்று ஓயாத முனகல். இன்னொன்று, "உஸ்" என்ற மெல்லிய இரைச்சல். மூன்றாவதுதான் விசித்திரம்: மவுஸ் சக்கரத்தை உருட்டிப் பக்கத்தை நகர்த்தினால் கூடவே "கிர்ர்" என்று கீறுகிறது, விரலை எடுத்தால் நின்றுவிடுகிறது. வேறு கேபிள் போட்டுப் பார்த்தும் பயனில்லை. ஸ்பீக்கரே பழுதா?

தேன்கூடு:

கணினியில் ஒலியளவு எவ்வளவு? 30-இல் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரின் பின்னால் உள்ள குமிழை முழுக்கத் திருகியிருப்பீர்கள். அதைத் தலைகீழாக்குங்கள். கணினியில் 100, ஸ்பீக்கரில் தேவையான அளவு மட்டும். வழியில் சேரும் குப்பையை ஸ்பீக்கர் பெருக்கிக் காட்டாது.

ஓரமாய்ப்போகிறவன்:

எனக்கும் இதே தொல்லை இருந்தது. ஸ்பீக்கர் பிளக்கைத் திறந்து எர்த் கம்பியைக் கழற்றிவிட்டேன். அன்றோடு முனகல் போய்விட்டது. ஐந்து நிமிட வேலை.

மேடைக்காரர்:

மேலே சொன்னதைச் செய்துவிடாதீர்கள் தம்பி. முனகல் போகும் என்பது உண்மைதான். போய்விடுவதால்தான் பலரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். உள்ளே ஒரு கம்பி நழுவி உலோகப் பாகத்தைத் தொட்டால், அந்த மின்சாரம் பத்திரமாக இறங்கிப்போக எர்த் ஒன்றுதான் வழி. அதை எடுத்துவிட்டால் ஆடியோ கேபிளின் நூலிழைக் கம்பி வழியாகப் போகும், இல்லையென்றால் தொட்டவர் வழியாகப் போகும். 20 வருடத்துக்கு மேல் மேடைகளுக்கு ஒலி அமைத்தவன் நான். இப்படி "அமைதி" வாங்கிய ஒரு மேடையில், மைக்கில் உதடு பட்டதும் பாடகர் துள்ளி விலகியதை இரண்டடி தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஓரமாய்ப்போகிறவரே, இன்றைக்கே அந்தக் கம்பியைத் திரும்ப மாட்டுங்கள்.

இனி உங்கள் விஷயம். ஸ்பீக்கர் பழுதா என்று கேட்டீர்கள். குமிழைக் குறைத்துக்கொண்டு, ஸ்பீக்கர் பக்கத்தில் கேபிளை உருவிவிடுங்கள். பிறகு குமிழை மெல்ல ஏற்றுங்கள். "ம்ம்ம்" இல்லை என்றால் ஸ்பீக்கர் நலம். அடுத்து, அதே கேபிளைக் கணினிக்குப் பதிலாக, சார்ஜர் செருகாத கைப்பேசியில் மாட்டுங்கள். அப்போதும் அமைதி என்றால் உங்களைப் பிடித்திருப்பது எர்த் லூப்.

கணினி தன் பிளக் வழியாக எர்த்தைத் தொடுகிறது. ஸ்பீக்கரும் தன் பிளக் வழியாகத் தொடுகிறது. இரண்டையும் நீங்கள் ஆடியோ கேபிளால் இணைத்ததும் ஒரு வளையம் மூடிக்கொள்கிறது. இரண்டு எர்த்துக்கும் இடையே இருக்கும் மிகச் சிறிய வேறுபாடுகூட அந்த வளையத்தில் மின்னோட்டத்தை ஓடவிடும். உங்கள் கேபிளில் மேலே சுற்றிய வலைக்கம்பியேதான் ஒலி திரும்பிவரும் பாதையும். அதனால் அங்கே ஓடுவதெல்லாம் ஒலியாகவே கேட்கும். மின்சாரம் நொடிக்கு 50 அல்லது 60 முறை முன்னும் பின்னுமாகப் போய்வருவது முனகலாகிறது. கிராபிக்ஸ் கார்டு திரையை நகர்த்த அவசரமாக இழுக்கும் மின்சாரம் "கிர்ர்" ஆகிறது. இரண்டும் ஒரே வழியாக வருகிற விருந்தாளிகள்.

முதலில் செலவில்லாத வேலை: கணினி, இரண்டு ஸ்பீக்கர், மானிட்டர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். முழுதும் போகாது, பாதியாவது குறையும். அதன்பின் எழுதுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். யாராவது "யுஎஸ்பி டாக் வாங்கு, எல்லாம் சரியாகிவிடும்" என்பார்கள். டாக் என்பது கணினியின் டிஜிட்டல் ஒலியை வெளியே வாங்கி, ஸ்பீக்கருக்கு ஏற்ற மின்குறியாக மாற்றும் சிறு பெட்டி. சாதாரண டாக் கணினியின் எர்த்தை யுஎஸ்பி கம்பி வழியாக அப்படியே கொண்டுவந்து சேர்க்கும். காசு போன பிறகும் முனகல் உங்களோடேயே இருக்கும்.

இரவெழுத்தன்:

சோதனை இரண்டிலும் நீங்கள் சொன்னபடிதான். கைப்பேசியில் மாட்டினால் மயான அமைதி. ஒரே பாக்ஸில் செருகியதும் முனகல் நன்றாகக் குறைந்தது, "கிர்ர்" மட்டும் பிடிவாதமாக நிற்கிறது.

பொறுமையில்லாமல் நானே ஒன்று செய்து பார்த்தேன். ஸ்பீக்கரின் பின்னால் "பேலன்ஸ்டு" என்று எழுதியிருந்தது. அந்த வகைக்கு பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருக்கவேண்டும் என்று எங்கோ படித்த நினைவு. மேசை இழுப்பறையில் கிடந்த ஸ்டீரியோ கேபிளிலும் இரண்டு வளையம் இருந்தது. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் அதை மாட்டினேன். ஒரு சத்தமும் இல்லை! துள்ளிக் குதித்துப் பேட்டியை ஓட்டினால், பாட்டியையும் காணோம். ஒரு பாட்டை ஓட்டினேன். வயலின் கேட்கிறது, எதிரொலி கேட்கிறது, பாடகியைக் கிணற்றில் தள்ளிவிட்டதுபோல் இருக்கிறது. எதையாவது எரித்துவிட்டேனா?

மேடைக்காரர்:

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். எதுவும் எரியவில்லை. பேலன்ஸ்டு உள்ளீடு தனக்கு வரும் இரண்டு கம்பிகளில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, மீதியைத்தான் ஒலியாக்கும். இரண்டிலும் ஒரேமாதிரி ஏறிய குப்பை கழிந்துபோகட்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. நீங்கள் ஒரு கம்பியில் இடதையும் மற்றதில் வலதையும் கொடுத்தீர்கள். பேட்டி மோனோ பதிவு, இடமும் வலமும் ஒன்றேதான், கழித்தால் பூச்சியம். பாடகியின் குரலும் நடுவில் நிற்பதால் அவரும் போனார். ஓரங்களில் நின்ற வயலின் தப்பித்தது.

ஆனால் நீங்கள் தட்டிய கதவு சரியான கதவுதான். பேலன்ஸ்டு வெளியீடு உள்ள சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினிக்கு வெளியே வைக்கும் சவுண்ட் கார்டு) ஒன்றை யுஎஸ்பியில் மாட்டி, அதிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு பேலன்ஸ்டு கேபிள் போட்டால் முனகலும் "கிர்ர்" சத்தமும் பெரும்பாலும் அடங்கிவிடும். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் ஐசோலேட்டர். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும், உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். ஒலி காந்தப்புலமாகக் கடந்துபோகும், கம்பிக்குக் கம்பி தொடர்பு இல்லாததால் வளையம் அறுந்துவிடும். மலிவானவற்றில் அடிநாதம் மெலியும். இசை கலக்குகிறவருக்கு அது குறை; பாட்டிகளின் பேச்சைக் கேட்கிற உங்களுக்கு இல்லை.

தேன்கூடு:

அவர் கேட்ட "உஸ்" இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்கு எர்த் காரணமில்லை. கேபிளை உருவிய பிறகும் அது கேட்டதா?

இரவெழுத்தன்:

கேட்டது. குமிழைத் திருகினாலும் கூடவில்லை, குறையவில்லை.

தேன்கூடு:

அப்படியானால் அது குமிழுக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபையரிலேயே பிறப்பது. எந்தக் கேபிளும் அதைத் தொடாது. ஸ்பீக்கர் காதிலிருந்து எவ்வளவு தூரம்?

இரவெழுத்தன்:

மானிட்டருக்கு இரு பக்கமும் ஒட்டி, ஒன்றரை அடி இருக்கும். இன்று ஐசோலேட்டர் வந்தது. முனகல், "கிர்ர்" இரண்டும் போயின. ஸ்பீக்கர்களை மேசையின் பின்விளிம்புக்குத் தள்ளிவிட்டேன். மூன்றடியில் "உஸ்" தேடினால்தான் கிடைக்கிறது. கணினியில் ஒலியளவு 100.

பாட்டி "போனாள்" என்றுதான் சொல்லியிருக்கிறார். நான்கு பக்கம் திருத்தவேண்டும். ஆனால் அவர் பேச்சுக்குப் பின்னால் இப்போது லேசாக ஒரு "ம்ம்ம்" கேட்கிறது. நிறுத்தினால் நின்றுவிடுகிறது.

மேடைக்காரர்:

நிறுத்தினால் நிற்கிறதென்றால் அது பதிவிலேயே இருக்கிறது. பேட்டி எடுத்தபோது பக்கத்தில் என்ன ஓடியது என்று எடுத்தவரைக் கேளுங்கள். ஃபிரிட்ஜாக இருக்கும்.